பச்சையாகாத பாணி

எங்கள் குசினி யன்னலில் இருந்த போத்தலை மூன்று நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தது செவ்வரத்தைப் பாணி. பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, தேசிக்காய்ப் புளி விட்டு, சீனி போட்டுக் காய்ச்சுவது. அப்பாவின் பிரஷருக்கு நல்லதென்று சந்திக் கடையில் வாங்கியிருந்தோம். அந்த யன்னலில் மத்தியானம் முழுவதும் வெயில் விழும். மூன்று நாள் வெயில் பட்டும் பாணியின் சிவப்பு கொஞ்சமும் இறங்கவில்லை. அதே மூன்று நாளும் அப்பா கழுத்தையும் முழங்கையையும் சொறிந்துகொண்டிருந்தார். அன்று காலை வயிற்றைப் பிரட்டி இரண்டு தடவை சத்தியும் எடுத்தார்.

அது தொண்ணூறுகளின் முற்பகுதி. வன்னியில், உருத்திரபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா இளவயதில் குடாநாட்டிலிருந்து வந்து, வாய்க்கால் தண்ணீர் பாயும் காணி கிடைத்து, வயல் செய்து அங்கேயே ஊன்றிவிட்டவர். அம்மா காலமான பிறகு வீட்டில் நானும் அவரும் மட்டும்.

எதையும் சந்தேகத்தோடு பார்ப்பது அந்த நாட்களில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை காரணமாக வவுனியா தாண்டி வரும் சாமான் கொஞ்சம். வருவதிலும் எதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. மண்ணெண்ணெயை ஒரு சொட்டு விரலில் தேய்த்து மணந்து பார்ப்போம். குளிசைப் பெட்டியில் திகதி சுரண்டப்பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். ஒழுங்கைக்குள் புது முகம் ஒன்று வந்தால், அது யாருடைய ஆள் என்று தெரியும் வரைக்கும் வாசலில் நின்று கதைப்பதைக் குறைத்துக்கொள்வோம். எனக்கு அந்தப் புத்தி தொழிலாகவும் இருந்தது. புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக நம்பாதேங்கோ, செய்து பாருங்கோ என்றுதான் வகுப்பில் சொல்லுவேன்.

செய்து பார்க்கத்தான் ஒன்றும் இல்லை. ஆய்கூட அலுமாரியில், அமிலமா காரமா என்று காட்டும் பாசிச்சாயத்தாள் முடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. இரசாயனப் பொருள் என்று எழுதிய எதுவும் சோதனைச்சாவடியைத் தாண்டாது. அதனால் பள்ளிக்கூட வேலியில் பூத்த செவ்வரத்தையைப் பிடுங்கினேன். இதழ்களைக் கசக்கி வெந்நீரில் போட்டால் ஊதா கலந்த ஒரு சாறு வரும். தேசிக்காய்ப் புளி விட்டால் பளிச்சென்று சிவக்கும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீர் விட்டால் பச்சையாகும். அந்தப் பூவின் நிறத்துக்குக் காரணம் அந்தோசயனின் என்ற பொருள், அமிலத்தில் அதன் உருவம் ஒன்று, காரத்தில் இன்னொன்று என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டுக் குவளையையே பார்த்தார்கள். அந்தச் சாறு வெயிலையும் சூட்டையும் தாங்காது, சில நாளில் மண்நிறத்துக்கு வந்துவிடும் என்பதையும் அந்த வருடம்தான் கண்ணால் கண்டேன்.

கண்டும் வீட்டில் அது நினைவுக்கு வரவில்லை. முதல் தடவை வாங்கிய பாணி இரண்டு கிழமையில் மங்கிப் பழுப்பானபோது, போத்தலைக் கொண்டுபோய்க் கடையில் வைத்துக் கத்தினேன்.

கடை சித்தப்பாவினுடையது. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. சந்தியில் தகரம் போட்ட கடை. அரிசி, தேங்காய், சுருட்டு, கொப்பி, எது கிடைக்கிறதோ அது.

“என்ன சித்தப்பா, இது பழுதாப் போச்சு. இதையோ அப்பாவுக்குக் குடுக்கிறது?”

அவர் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். “எல்லாரும் இதைத்தான் பிள்ளை சொல்லுகினம். நேற்றும் ரெண்டு பேர் திருப்பிக் கொண்டந்தவை. நான் என்ன செய்யிறது? அந்தத் தோட்டக்காட்டுச் சனம் என்னத்தைக் காய்ச்சுதுகளோ.”

தோட்டக்காடு என்ற சொல் அவர் வாயில் சாதாரணமாக வரும். எங்கள் எல்லோருடைய வாயிலும்தான். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தவர்களை அப்படித்தான் சொன்னோம். பாணி காய்ச்சிய பெண்ணும் அப்படி வந்த குடும்பம். தாய் தகப்பனோடு சின்னப் பிள்ளையாக வந்தவர். வாய்க்கால் கரையில் ஒரு கொட்டில், அதைச் சுற்றிச் செவ்வரத்தை வேலி. கணவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். எங்கள் வயலில் களை பிடுங்கவும் அந்தப் பெண் வந்திருக்கிறார். சோப் கிடைக்காத நாட்களில் செவ்வரத்தை இலையைக் கசக்கி, அந்தக் கொழகொழப்பில் தலை முழுகினால் எண்ணெய் போகும் என்று எனக்குக் காட்டித் தந்தவரும் அவர்தான். நாங்கள் செவ்வரத்தை என்பதை அவர் செம்பருத்தி என்பார். மொட்டை அரைத்து மோரில் கலந்து அதிகமாகத் தீட்டுப் போகும் பெண்களுக்குக் கொடுப்பார். பிள்ளை வயிற்றில் இருப்பவளுக்கு அதைக் கண்ணிலும் காட்டக் கூடாது என்பார். பாணி நெஞ்சுச் சூட்டுக்கும் பிரஷருக்கும். குளிசை தட்டுப்பாடானபோது அதைத் தேடி ஆட்கள் போனார்கள். பிறகு சித்தப்பா, கடையில் வைத்து விற்கலாம் என்று போத்தல் போத்தலாக எடுக்கத் தொடங்கினார்.

நான் கத்திவிட்டு வந்து இரண்டு கிழமையில் புதுப் போத்தல் வந்தது. பளபளவென்ற சிவப்பு. “இப்ப நல்லாச் செய்யப் பழகீட்டாள்” என்றார் சித்தப்பா. நானும் அப்படியே நினைத்தேன். அந்தப் போத்தல்தான் யன்னலில் இருந்தது.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் பாணியைக் கொஞ்சம் ஊற்றினேன். சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சிவப்பு நின்றது. இன்னும் விட்டேன். ஓரத்தில் அழுக்குப் போல ஒரு மங்கல் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு கரண்டி முழுக்க விட்டேன். கோப்பையில் சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பிள்ளை?”

“பூ இல்லை அப்பா. சாயம். உங்களுக்குச் சாயத்தைக் கரைச்சுத் தந்திருக்கிறாள்.”

“உண்மையோ? அந்தப் பிள்ளை அப்பிடிச் செய்யுமே?”

“செய்திருக்கிறாளே. இந்தா கிடக்கு.”

அந்த நேரம் எனக்குள் பயத்தோடு ஒரு பெருமையும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு பேர் குடிக்கும் ஒன்றை, ஒரு கோப்பையும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு நான் பிடித்துவிட்டேன். கோப்பை எனக்குச் சொன்னது அந்தப் போத்தலின் சிவப்பு பூவினுடையது இல்லை என்பதை மட்டும்தான். அதற்குள் சாயத்தைப் போட்ட கை எது என்று அது சொல்லவில்லை. அந்தக் கையை நானே தீர்மானித்துக்கொண்டேன். அதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

மறுநாள் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரண அரிசி கொடுக்கும் நாள். காலையிலேயே நீண்ட வரிசை. அந்தப் பெண் பையோடு வரிசையின் நடுவில் நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

“டீச்சர், அப்பாவுக்கு இப்ப பரவாயில்லிங்களா?”

அந்தக் கேள்வியே எனக்குப் பொறுக்கவில்லை. வழக்கமாக அவரை “நீர்” என்றுதான் கூப்பிடுவேன். அன்று வாயில் “நீ” வந்தது.

“நீ அந்தப் பாணிக்கை என்ன போட்டனீ?”

“என்னாங்க டீச்சர்?”

“சாயம் போட்டனீயோ இல்லையோ? சுண்ணாம்பு விட்டுப் பார்த்தனான். பூவெண்டால் பச்சையா மாறும். இது மாறவே இல்லை. என்ர அப்பா சத்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறார்.”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் முகம் வெளிறிப்போனது. “நான் பூவத்தான் போட்டேன் டீச்சர். சாமி சத்தியமா பூவத்தான் போட்டேன். சாயமெல்லாம் எனக்கு எங்க கிடைக்கும்?”

“அது உனக்குத்தான் தெரியும்.”

 அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. பின்னால் நின்ற ஒரு அம்மா, தனக்கும் போன கிழமை வயிற்றைப் பிரட்டியது என்றார். இன்னொருவர், தன் மகளுக்குத் தீட்டு நிற்கவென்று கொடுத்த மருந்தும் என்னவோ தெரியாது என்றார். யாரோ ஒருவர், “உதுகள் எங்கையிருந்து வந்ததுகள், ஆர் அனுப்பினதுகள் எண்டு ஆருக்குத் தெரியும்” என்றார். அந்தப் பெண் அரிசி வாங்காமலே வரிசையை விட்டு விலகி, வாய்க்கால் பக்கமாக நடந்து போனார். அந்தக் காலத்தில் நிவாரண அரிசியை ஒருவர் விட்டுப் போவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஒரு கிழமைக்குள் கதை ஊரைச் சுற்றி வந்தது. ஆனால் திரும்பி வந்தபோது அது என்னுடைய கதையாக இல்லை. சாயம் நஞ்சாகியிருந்தது. என்னுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடப்பதாக, அவர் வீட்டு முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார்கள். களை பிடுங்கும் காலம் அது. எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் அந்தப் பெண்ணை வயலுக்குக் கூப்பிடவில்லை. பக்கத்து வயல்காரர் என்னிடம் சைக்கிளை நிறுத்தி, “நல்ல காலம் ரீச்சர், நீங்கள் கண்டுபிடிச்சியள்” என்றார். சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தால், அவருடைய கொட்டிலைச் சுற்றி நின்ற செவ்வரத்தை வேலியை யாரோ கத்தியால் அடியோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். பூக்கள் தரையில் கிடந்தன. உள்ளே அவரும் பிள்ளைகளும் இருப்பது தெருவுக்குத் தெரிந்தது. நான் சைக்கிளை வேகமாக மிதித்தேன். யார் வெட்டினார்கள் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

அதற்கு மூன்றாம் நாள் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பத்தாம் வகுப்பில் நின்றேன். வாசலில் அவர் நிற்பதைக் கண்டதும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கையில் சேலைத் துணியில் சுற்றிய போத்தல்.

“டீச்சர், அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி கேட்டீங்க. அதனால நானும் எல்லாருக்கும் முன்னாடியே வந்திருக்கேன். நீங்க போட்டுப் பாத்தீங்களே அந்தச் சுண்ணாம்பு, அத இதுல போட்டுப் பாருங்க.”

“வகுப்பு நடக்குது. பிறகு பார்ப்பம்.”

“இல்லிங்க. இப்பயே பாருங்க.”

அவர் குரல் உயரவில்லை. ஆனால் வாசலை விட்டு விலகப் போவதில்லை என்று தெரிந்தது. ஆய்கூடத்திலிருந்து கண்ணாடிக் குவளையும் சுண்ணாம்புத் தண்ணீரும் எடுத்துவந்தேன். பாணியை அவரே ஊற்றினார். நான் சொட்டு விட்டேன். முதலாம் சொட்டு விழுந்த இடம் ஊதாவாகி மறைந்தது. இன்னும் விட்டேன். சிவப்பு கலைந்து, நீலமாய்க் கறுத்து, பிறகு குவளை முழுக்கப் பச்சையானது. பிள்ளைகளில் ஒருத்தி “ஆ” என்றாள்.

நான் உடனே நம்பிவிடவில்லை. எனக்கு வந்த முதல் நினைப்பு, என்னை ஏமாற்றுவதற்காக இப்போது மட்டும் உண்மையான பூவில் காய்ச்சிக்கொண்டு வந்திருக்கிறார் என்பதுதான். அதை அவர் என் முகத்தில் படித்திருக்க வேண்டும்.

“இது புதுசா காச்சினது இல்லிங்க டீச்சர். கடைக்குக் குடுத்தன்னைக்கே காச்சினது. ஈர மணலுக்குள்ள பானையில வச்சிருந்தேன், அதனால நெறம் நிக்குது. வெயில்ல வச்சா போயிரும். நான் அத உங்க சித்தப்பாகிட்ட முதல்லயே சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “கடைக்குக் குடுக்கிற போத்தல் எல்லாத்துக்கும் மூடிக்கு மேல மெழுகு உருக்கி ஊத்துவேன். எறும்பு வராம இருக்க. உங்க வீட்டுப் போத்தல்ல மெழுகு இருந்துச்சா?”

 பழுப்பான முதல் போத்தலைத் திறக்க, கத்தி முனையால் மெழுகு சுரண்டியது ஞாபகம் வந்தது. நகத்துக்குள் ஒட்டிக்கொண்டு அன்று முழுவதும் உறுத்தியது. சிவப்புப் போத்தலை வெறும் கையால் திருகித்தான் திறந்தேன்.

“இருக்கேல்லை” என்றேன்.

அவர் போத்தலைத் துணியில் சுற்றினார். “அப்ப எங்க மாறிச்சுன்னு நீங்களே பாத்துக்கங்க.”

“என்னோட கடைக்கு வாங்கோ. கேப்பம்.” என்னை அறியாமலே “வாங்கோ” என்று வந்தது.

“நான் வரல டீச்சர். நான் வந்தா அவரு வேற மாதிரி பேசுவாரு. நீங்க போனாத்தான் உண்மையச் சொல்லுவாரு. நீங்க அவங்க ஆளு.”

அன்று பின்னேரம் தனியாகக் கடைக்குப் போனேன். சித்தப்பா வழக்கம்போல ஒரு தோடம்பழ இனிப்பை எடுத்து நீட்டினார். சின்ன வயதிலிருந்து அது அவர் பழக்கம். வாங்காமல், பின்னால் இருந்த சாமான் அறைக்குள் நேரே போனேன். அரிசிச் சாக்குகளுக்கு அருகில் ஒரு வாளி. அதன் உள்பக்கம் முழுவதும் சிவப்புக் கறை. பக்கத்தில் பழுப்பேறிய பாணிப் போத்தல்கள், மூடியில் உடைந்த மெழுகோடு. மேலே தட்டில் ஒரு சின்னத் தகர டின். ஒட்டியிருந்த தாளில் பாதி கிழிந்திருந்தது.

“இதென்ன சித்தப்பா?”

“அதோ? பூந்திக்குப் போடுற தூள். ஏன்?”

“இதையோ பாணிக்கை கரைச்சனீங்கள்?”

அவர் மறைக்கவே இல்லை. அதுதான் என்னை இன்னும் உலுக்கியது. “பின்னை என்ன பிள்ளை செய்யிறது? நிறம் மங்கினால் சனம் வாங்குதில்லை. நீயும்தானே வந்து கத்தினாய். பழுதாப் போச்சு எண்டு. திரும்பி வந்ததுகளை வாய்க்காலிலை ஊத்தச் சொல்லுறியோ? சீனித் தண்ணியும் விட்டு, இதிலை ஒரு சொட்டுப் போட்டால் எல்லாருக்கும் சந்தோசம்.”

“அப்பா உடம்பு கடிச்சுச் சொறிஞ்சவர். சத்தி எடுத்தவர்.”

“அது இதாலை எண்டு ஆர் சொன்னது?”

 உண்மையாகவே அது சாயத்தால் வந்ததா என்று என்னால் அன்றும் நிரூபிக்க முடியவில்லை. பூந்தித் தூளா, துணிச் சாயமா என்பதையும் அந்த அரைத் தாளில் வாசிக்க முடியவில்லை. டினைக் கையில் எடுத்தேன். அவர் பிடுங்கவில்லை.

“அந்தப் பெட்டை மேலை பழி போட்டது நீதான் பிள்ளை, நான் இல்லை” என்றார் நான் வெளியேறும்போது. “நான் ஒரு இடத்திலையும் அவளைப் பற்றி வாய் திறக்கேல்லை.”

அது உண்மை. அவர் வாய் திறக்கவில்லை. வேலி வெட்டப்பட்டபோதும் திறக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. “அவன் எங்கட ஆள் பிள்ளை” என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு டினைத் திறந்து, ஈர விரலால் தொட்டு, வேட்டிக் கரையில் தேய்த்துப் பார்த்தார். அந்தச் சிவப்பு பிறகு எத்தனை தோய்ச்சலிலும் போகவில்லை. அன்று அவர் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். பாணி குடிக்கத் தொடங்கியதிலிருந்து பிரஷர்க் குளிசையைப் பாதியாக உடைத்துப் பாதி நாள் மட்டும் போட்டு வந்திருக்கிறார். தட்டுப்பாடு கூடினால் உதவும் என்று மிச்சம் பிடித்திருக்கிறார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டொக்டருக்குப் பதிலாக இருந்த வயதான அப்போதிக்கரி பிரஷர் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்தார்.

“பூத்தண்ணி குடியுங்கோ, அதிலை பிழை இல்லை. கொஞ்சம் குறைக்கும் எண்டுகூடச் சொல்லுறவை. ஆனால் குளிசைக்குப் பதில் அது இல்லை. இனி உடைச்சீங்கள் எண்டால் என்னட்டை வராதேங்கோ.”

சிவப்புப் பாணியை நிறுத்திய ஒரு கிழமையிலேயே அப்பாவின் கடியும் சொறிவும் நின்றிருந்தன.

நான் செய்ய வேண்டியது மிச்சம் இருந்தது. அடுத்த நிவாரண நாள் சங்கக்கடைக்குப் போனேன். வரிசையில் நின்றவர்களுக்குச் சொன்னேன், நான் பிழையாகச் சொல்லிவிட்டேன், அந்தப் பாணியில் பூதான் இருந்தது, சாயம் கடையில் கலந்தது என்று. குற்றம் சொன்ன நாளில் எழும்பிய குரல் அன்று எழும்பவில்லை. முன்னால் நின்ற நாலைந்து பேருக்குத்தான் கேட்டிருக்கும். சித்தப்பாவின் கடை என்று சொல்லாமல், கடையில் என்று மட்டும் சொன்னேன். அந்த ஊரில் பாணி விற்ற கடை ஒன்றுதான், யாருக்கும் விளங்கியிருக்கும். இருந்தாலும் அந்தப் பெயரை என் நாக்கு சொல்லவில்லை. அந்தப் பெண்ணைச் சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தேன்.

சொன்னதை நம்பியவர்களும் குறைவு. அந்தப் பெண் ரீச்சருக்கு எதையோ குடிக்கக் கொடுத்து மனதை மாற்றிவிட்டாள் என்று ஒரு கதை வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அதை உடைத்தார்கள். அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். வீடுகளில் போய்ப் பச்சையான குவளையைப் பற்றிச் சொன்னார்கள். மெல்ல மெல்ல ஊரவர்கள் அவரை வயலுக்குக் கூப்பிடத் தொடங்கினார்கள். முதலில் கூப்பிட்டது நாங்கள். அவர் வந்தார், களை பிடுங்கினார், கூலியை வாங்கிக்கொண்டு போனார். தேத்தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஒரு நாள் கொட்டிலுக்கே போய்க் கேட்டேன்.

“நான் செய்தது பெரிய பிழை. என்னை மன்னிப்பீங்களோ?”

அவர் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். வாரி முடித்துப் பின்னலைக் கட்டிய பிறகுதான் நிமிர்ந்தார்.

“நீங்க வேணும்னு செய்யல டீச்சர். அது எனக்குத் தெரியும். ஆனா ஒரு கேள்வி கேக்கிறேன். அந்தப் போத்தல் எங்க கை, உங்க சித்தப்பா கை, ரெண்டு கைக்கும் போயிருக்கு. எங்கிட்ட ஏன் மொதல்ல வந்தீங்க?”

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டு முன்னால் இருத்திக்கொண்டார்.

வெட்டிய கட்டைகள் மாரி மழையோடு துளிர்த்தன. செவ்வரத்தை அப்படித்தான், ஒரு கணுவை மண்ணில் குத்தினாலே போதும். அடுத்த வருடம் பூ வந்ததும் அவர் மறுபடி பாணி காய்ச்சினார். இம்முறை எந்தக் கடைக்கும் கொடுக்கவில்லை. வேண்டியவர்கள் வீட்டுக்கு வரவேண்டும். வந்தவர் முன்னால் ஒரு சிரட்டையில் பாணியை ஊற்றி, சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, பச்சையாவதைக் காட்டிய பிறகுதான் போத்தலைக் கையில் கொடுப்பார். நானும் அப்பாவுக்காகப் போய் வாங்கினேன். எனக்கும் ஊற்றிக் காட்டினார்.

“எனக்கு வேண்டாம், நான் நம்புறன்” என்றேன்.

“இல்லிங்க டீச்சர், பாத்துக்கங்க. அப்பறம் ஏதும் கலந்திருக்குன்னு பேச்சு வந்துச்சுன்னா?”

அடுத்த தடவையும், அதற்கு அடுத்த தடவையும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் அந்தச் சிரட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். அவர் என்னை நம்ப மறுக்கிறாரா, என் நம்பிக்கையை நம்ப மறுக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அதை மரியாதையோடுதான் செய்தார்.

தொண்ணூற்றாறில் ஊர் முழுவதும் எழும்பிப் போக வேண்டி வந்தது. ஷெல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், அக்கராயன் பக்கம் போவதற்கு அப்பா ஒரு உழவு இயந்திரமும் அதில் கொளுவிய பெட்டியும் ஒழுங்கு செய்திருந்தார். நெல் மூட்டை இரண்டு, பாய், சட்டி பானை, அப்பாவின் கதிரை. சித்தப்பாவும் தன் வீட்டு ஆட்களோடு ஏறியிருந்தார். வாய்க்கால் கரைத் திருப்பத்தில் அந்தப் பெண்ணைக் கண்டேன். தலையில் மூட்டை, இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள். கணவர் சைக்கிளில் சாமானைக் கட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

நான் கத்தி நிறுத்தச் சொன்னேன். “ஏறுங்கோ! இடம் கிடக்கு, பிள்ளையளையாவது ஏத்துங்கோ!”

அவர் நின்றார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மூட்டைகளுக்கு நடுவில் இருந்த சித்தப்பாவின் முகத்தில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. சித்தப்பா மறுபக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

“நாங்க நடந்தே வர்றோம் டீச்சர். நீங்க போங்க, அப்பாவப் பாத்துக்கங்க.”

“இந்தச் சத்தத்துக்கை எப்பிடி நடக்கப் போறீங்கள்?”

“நடந்துருவோம்” என்றார்.

பின்னால் வேறு உழவு இயந்திரங்கள் ஹோன் அடித்தன. எங்கள் பெட்டி நகர்ந்தது. அப்பா சித்தப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, அக்கராயன் வரும் வரைக்கும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தார். புழுதியில் அந்தப் பெண் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வண்டியிலிருந்து ஒதுங்கி வீதியின் மற்ற ஓரத்தால் நடந்து வருவது கொஞ்ச தூரம் வரைக்கும் தெரிந்தது. அவர்கள் வவுனியாப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள் என்று பின்னர் ஒருவர் சொன்னார். மாங்குளத்துக்கு அங்கால் ஒரு காணியில் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். எது சரியென்று விசாரித்துப் போக எனக்குத் துணிவு வரவில்லை.